தூங்கிய பிறகு கிளம்புகிறவர்கள்

அந்தக் குழந்தை அழவே அழாது என்று ஊருக்குள் நுழையும்போதே சொல்லிவிட்டார்கள். மொரப்பூரிலிருந்து மினி பஸ்ஸில் போய் இறங்கி, சின்னக் குழந்தைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று குழாயடியில் விசாரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, வாசலில் புளி குவித்திருந்த வீட்டைக் காட்டினாள்.

"அங்க ஒரு பொட்டப்புள்ள இருக்குதுங்க. அம்மா அப்பா பெங்களூர்ல. பெரியம்மாகிட்ட வளருது. வச்ச எடத்துல இருக்கும், சாமி மாதிரி."

சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் தெருவே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தான்.

நான் உளவியல் படித்து முடித்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. சிறு குழந்தைகளின் மன வளர்ச்சி பற்றிய ஓர் ஆராய்ச்சியில் களப்பணிக்குச் சேர்ந்திருந்தேன். பயம் வந்தால் ஒரு குழந்தை என்ன செய்கிறது, யாரிடம் ஓடுகிறது, ஆறுதல் கிடைத்தால் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, பின்னாளில் மனநோய் வரக்கூடும் என்பதற்கான அறிகுறி ஏதாவது அந்த வயதிலேயே தெரிகிறதா, இவைதான் கேள்விகள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அலுவலகம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அத்தா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மகள் என்ன வேலைக்குப் போகிறாள் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "ஊர் ஊராப் போயி கொழந்தைங்க வெளையாடறத பாக்குது" என்பார். கேலிதான், ஆனால் சரியான பதில். எனக்கோ அந்த வேலை தலைக்கேறியிருந்தது. பஸ்ஸில் யார் குழந்தை வைத்திருந்தாலும், அது அம்மாவின் முகத்தை எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறது என்று கவனித்துக்கொண்டே வருவேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு.

அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வியாபாரி ஒருவர் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் புளியை உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக் கொடுப்பது அவர் வேலை. கை ஓயாது, வாயும் ஓயாது. நான் போனது நோன்பு மாதம். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம், நோன்பு என்றேன். எச்சிலைக்கூட விழுங்கக் கூடாதா, இந்த வெயிலில் மயங்கி விழுந்தால் உங்கள் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்று கடிந்துகொண்டு, தண்ணீரை எடுத்துப் போய் முருங்கைமரத்துக்கு ஊற்றிவிட்டு வந்தார். அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் என் முன்னால் அவரும் எதுவும் சாப்பிட மாட்டார்.

குழந்தைக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள். பாயில் உட்கார் என்றால் உட்கார்ந்தாள். புதிய ஆளைக் கண்டால் அந்த வயதில் ஒரு தயக்கம் வர வேண்டும், பெரியம்மாவின் பின்னால் ஒளிய வேண்டும். இவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் சோதனைகளில் ஒன்று மிக எளியது. குழந்தையை வளர்ப்பவர் சிறிது நேரம் வெளியே போக வேண்டும். பிறகு திரும்பி வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் குழந்தை என்ன செய்கிறது என்று போனில் படம் எடுப்போம். நெஞ்சில் ஒரு மெல்லிய பட்டை கட்டியிருப்போம். நாடித்துடிப்பு எண்ணாக ஒரு சின்னத் திரையில் தெரியும். பெரும்பாலான குழந்தைகள் கதவருகே ஓடி அழும். உடனே நிறுத்திவிடுவோம். அழுகிற குழந்தையை வைத்துச் சோதனை நடத்தக் கூடாது என்பது எங்கள் விதி.

பெரியம்மா எழுந்து வெளியே போனார். குழந்தை தலையைத் தூக்கவில்லை. நான் கொடுத்த மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். சன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், எவ்வளவு சமத்து பார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் திரையைப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டிருந்தது. பட்டை நழுவிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. குழந்தையின் கை ஒரே சீராகக் கட்டைகளை அடுக்கியது. முகத்தில் எதுவும் இல்லை. உள்ளே மட்டும் யாரோ துரத்துவது போல இதயம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா திரும்பி வந்தபோதும் அவள் நிமிரவில்லை. எண் இறங்க வெகுநேரம் ஆயிற்று.

இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி வகுப்பில் படித்திருந்தேன். வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டவர்கள். படித்தபோது அது ஒரு பத்தி, பரீட்சைக்கு வரக்கூடியது. இப்போது எதிரில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும் நெற்றியில் பெரிய மைப்பொட்டுமாக உட்கார்ந்திருந்தது.

அலுவலகத்துக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மேடம் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான் அதற்குள் நாலைந்து முடிவுகளைச் சொல்லிவிட்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த ஆராய்ச்சி ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது, பல குழந்தைகளைச் சேர்த்து வைத்தால்தான் ஏதாவது சொல்லும் என்றார். மனநோய், ஆபத்து என்ற சொற்களை அந்த வீட்டில் வாய்தவறிக்கூட உச்சரிக்க வேண்டாம் என்றும், வேண்டுமானால் அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசனைக்கு அழைத்துப்போகச் சொல்லலாம் என்றும் சொன்னார். சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா சிரித்துவிட்டார். அழுதால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார்கள், அழாததற்கு எந்த ஊரில் தூக்கிப்போகிறார்கள் என்று கேட்டார்.

அடுத்தடுத்துப் போனபோது, கேள்விகளுக்கு வெளியே நடந்த பேச்சில்தான் விஷயம் தெரிந்தது. குழந்தைக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, கடைக்குப் போகலாம் என்றால் தரையில் படுத்துக்கொள்வாள். தேன்மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றால் இன்னும் இறுக்கிப் படுத்துக்கொள்வாள். இன்னொன்று, பெற்றோர் ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் தூங்க மாட்டாள். உட்கார்ந்தபடியே தலை தொங்கும். தொங்கியதும் திடுக்கிட்டு நிமிர்ந்து அம்மா இருக்கிறாளா என்று பார்ப்பாள்.

ஏன் என்று கேட்டேன். பெரியம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனால் அதை ஒரு காரணமாக அவர் நினைத்ததில்லை. பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். அப்பா கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங், அம்மா சித்தாள். குழந்தையையும் முதலில் கூடவேதான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் மூடாத தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மேஸ்திரி கத்தியிருக்கிறார். அந்த வாரமே கொண்டுவந்து இங்கே விட்டார்கள். முதல் தடவை பெரியம்மா அவளைத் தேன்மிட்டாய் வாங்கித் தரக் கடைக்குத் தூக்கிப்போனார். திரும்பி வந்தபோது அம்மாவும் அப்பாவும் இல்லை. அதற்கடுத்த தடவை விடியற்காலையில் அவள் தூங்கும்போது கிளம்பினார்கள். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான்.

"சொல்லிட்டு போனா அழுவுமுங்க. அழுவற புள்ளய விட்டுட்டுப் போனா போற எடத்துல வேல ஓடுமா? அதான் தூங்க வச்சிட்டுப் போறது. ஊருல எல்லாரும் அப்படித்தான."

எல்லாரும் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என்னைக் காக்காய் காட்டி மொட்டைமாடிக்குத் தூக்கிப்போன நேரத்தில்தான் அம்மா பிறந்த வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்புவார். இந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். எத்தனை வீடுகளில் குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துப் பையைத் தூக்குகிறார்கள். அதில் கல்நெஞ்சம் எதுவும் கிடையாது. குழந்தை அழுவதைப் பார்க்கச் சகிக்காதவர்கள்தான் அப்படிப் போகிறார்கள்.

ஆனால் குழந்தையின் பக்கம் உட்கார்ந்து யோசித்தால் கணக்கு வேறாக இருக்கிறது. மிட்டாய் வாங்கினால் அம்மா காணாமல் போகிறாள். தூங்கினால் அம்மா காணாமல் போகிறாள். இவள் என்னதான் செய்வாள்?

இதைப் பெரியம்மாவிடம் என் வழக்கமான வேகத்தில் சொன்னேன். அழுகிற குழந்தை, அழுதால் யாராவது வருவார்கள் என்று நம்புகிறது, அந்த நம்பிக்கை இருப்பது நல்லது, அழாத குழந்தையைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும் என்றேன். அவர் கொட்டை தட்டுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குக் கல்யாணமும் ஆகல, கொழந்தையும் இல்ல. பையத் தூக்கிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருவீங்க. அழுவறத இடுப்புல வச்சிட்டு ராத்திரி பூரா நடக்கறவ நானுங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, நோன்பு திறக்க என்று ஒரு கவரில் முறுக்கைப் போட்டு என் பையில் வைத்தார்.

ஆடிப் பதினெட்டுக்குப் பெற்றோர் வந்தார்கள். அப்பா இரண்டொரு நாளில் மேஸ்திரி கூப்பிட்டார் என்று கிளம்பிப் போய்விட்டார், விடியும் முன்னரே. அம்மா மட்டும் இருந்தபோது நான் போனேன். என்னைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள். சிமெண்டில் வெடித்த விரல்கள். என் முன்னால் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டே பேசினாள். குழந்தை முதல் நாள் அவளிடம் போகவே இல்லையாம். யாரோ வந்திருக்கிறார்கள் என்பது போல எட்ட நின்று பார்த்தாளாம். மறுநாள் ஒட்டிக்கொண்டவள்தான், கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே புடவை நுனி தெரிய வேண்டும்.

நான் பேசுகையில் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்து, இமை கனத்து, மூடி மூடித் திறந்தன. பகலிலும் தூங்கவில்லை, இரவிலும் சரியாகத் தூங்கவில்லை என்றாள் அம்மா. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தன் மகளுக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன், அதனால் சொன்னேன். போகப்போகிறாய் என்பதை அவளிடமே சொல்லிவிட்டுப் போ. எப்போது வருவாய் என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி சொல். அழுவாள். அழட்டும். ஆனால் நீ இருக்கும்வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா குழந்தையின் நெற்றியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் போறத அது பாத்துட்டா என்னால ஏற முடியாதுங்க" என்றாள்.

பெரியம்மா உள்ளேயிருந்து, அதைத்தானே நானும் சொன்னேன் என்று குரல் கொடுத்தார்.

மேற்கொண்டு நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கிளம்பும் நாளில் பெரியம்மாவே போன் செய்தார். தங்கச்சி சொல்லிவிட்டுத்தான் போவாளாம், ஸ்டேஷனுக்கே குழந்தையைத் தூக்கி வருகிறார்களாம், பக்கத்தில் நீங்கள் இருந்தால் தைரியமாக இருக்கும் என்கிறாளாம். "நீங்க பத்த வச்சதுதான, வந்து பாருங்க" என்று ஒரு குத்தும் வைத்தார். மேடத்திடம் கேட்டேன். வேலையாக இல்லாமல் உன் சொந்தப் பொறுப்பில் போவதானால் போ, பட்டையும் வேண்டாம், படமும் வேண்டாம் என்றார். அப்படியே போனேன்.

மொரப்பூர் ஸ்டேஷனில் அந்த நேரத்துக்குக் கூட்டம் அதிகம் இல்லை. அம்மாவிடம் ஒரு கட்டைப்பை, ராகி மாவும் புளியுமாகக் கனத்தது. சிமெண்டு பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குப் புதுக் கவுன். ரயிலைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று பெரியம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம், பழக்க தோஷம். ஒரு சரக்கு ரயில் நிற்காமல் போனது. குழந்தை அதைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

சரக்கு ரயிலின் சத்தம் ஓய்ந்ததும் அம்மா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"கண்ணு, அம்மா வேலைக்குப் போறேன். இப்ப ரயிலு வரும், அதுல ஏறிப் போவேன். பட்டாசு வெடிப்போம் பாரு, அப்ப வந்துருவேன். நீ பெரியம்மாகூட வூட்ல இருக்கணும்."

எத்தனை தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாளோ, ஒரே மூச்சில் சொன்னாள். பெரியம்மா குழந்தையை வாங்கிக்கொள்ளத் தயாராக முந்தானையை இடுப்பில் செருகினார். நான் அழுகைக்காகக் காத்திருந்தேன். அழுதால் என்ன சொல்ல வேண்டும், எப்படி அணைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

குழந்தை அழவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தாள். விரலில் சுற்றியிருந்த முந்தானையை அவளே பிரித்துவிட்டாள். மடியிலிருந்து இறங்கி, பெஞ்சின் மேல் ஏறி, கன்னத்துக்கடியில் கையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கம் வருகிறதா என்று அம்மா குனிந்து கேட்டாள்.

"தூங்கிட்டேன்" என்றாள் குழந்தை, கண்ணைத் திறக்காமல். "நீ போ."

எங்கள் மூவருக்கும் அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. குழந்தையின் தோளைப் பிடித்து, கண்ணைத் திற, அம்மாவைப் பார், ஒரு தடவை பார் என்று கெஞ்சினாள். குழந்தை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. தான் நன்றாகத் தூங்கவில்லை, அதனால்தான் அம்மா போக முடியாமல் நிற்கிறாள் என்று நினைத்திருப்பாளோ என்னவோ. அம்மா ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் உடம்பை இன்னும் சுருக்கிக்கொண்டாள்.

ரயில் வந்துவிட்டது. அங்கே அது நிற்பது கொஞ்ச நேரம்தான். பெரியம்மா பையை எடுத்துத் தங்கையின் கையில் திணித்து, ஏறு, ஏறு என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். அவள் பெட்டிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ரயில் நகர்ந்து, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து, தண்டவாளம் வெறுமையாகும்வரை குழந்தை அப்படியே படுத்திருந்தாள்.

அம்மா போய்விட்டாள், எழுந்திரு என்று பெரியம்மா தொட்டதும் கண்ணைத் திறந்தாள். ரயில் போன பக்கம் பார்க்கவில்லை. கைகளை நீட்டினாள், தூக்கிக்கொள்ளச் சொல்லி.

பெரியம்மா தூக்கிக்கொண்டார். பிளாட்பாரத்தின் பாதி தூரம் வரைக்கும் நடந்தார். பிறகு நின்று, குழந்தையின் முகத்தைத் தன் கையில் ஏந்தி, மிக மெதுவாகச் சொன்னார்.

"அழுவுடி. அழுதுரு கண்ணு. நான் தூக்கிட்டு நடக்கறேன்."

குழந்தை அவர் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களோடு நானும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஏறாமல் தர்மபுரி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம், அப்போது முடியவில்லை. எனக்குச் சொல்லத் தெரிந்திருந்த எல்லாம் அந்த பெஞ்சோடு தீர்ந்துவிட்டிருந்தது. சொல்லிவிட்டுப் போவது நல்லது என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதைக் கேட்கும் நிலையில் அந்தக் குழந்தை இருக்கவில்லை. அம்மாவைக் கஷ்டப்படுத்தாமல் அனுப்பிவைப்பது எப்படி என்று அவள் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தாள். ஒருமுறை சொன்னதில் அது கலையவில்லை. அதைக் கலைக்க எத்தனை தடவை சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வர வேண்டும் என்று நான் படித்த எதிலும் இல்லை.

ஊருக்குள் திரும்பும் வளைவில் பெரியம்மாவின் போன் அடித்தது. ஆட்டோவின் இரைச்சலில் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அழுதாளாக்கா?"

இதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்விக்கு அவர் பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். இல்லவே இல்லை, சமத்தாக இருக்கிறாள், நீ வேலையைப் பார் என்று. இப்போது மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்தப் பதில் தங்கைக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவருக்கு இனித் தெரியாதபடி நான்தான் செய்திருந்தேன்.

"அழுதா சாமி" என்றார். "நல்லா அழுதா. அம்மா வேணும் அம்மா வேணும்னு பெரண்டு அழுதா. இப்பத்தான் ஓஞ்சா."

போனுக்குள் ரயில் ஓசை கேட்டது. பிறகு தங்கை அழ ஆரம்பித்தாள். விக்கலும் மூச்சுமாக, பெட்டியில் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள். பெரியம்மா நிறுத்தச் சொல்லவில்லை, போனை அணைக்கவும் இல்லை. ஸ்பீக்கரை மட்டும் எடுத்துவிட்டுக் காதோடு வைத்துக்கொண்டு, ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

குழந்தை அவர் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தூங்கவில்லை.